தோல்விச் சான்று பெற்ற முக்கால் ஏக்கர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலைக்கும் பிளாஸ்டிக் பீப்பாய் செய்யும் கம்பெனிக்கும் நடுவே, அகில பயிர் ஹார்மோன் உயராய்வு நிறுவனம் என்று ஒரு மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் இரண்டு கிலோமீட்டருக்குப் பயிர் என்று சொல்லத்தக்கது இயக்குநர் அறையில் இருக்கும் மணிபிளான்ட் ஒன்றுதான். அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்று இரண்டு பிரிவுகளுக்கிடையே நான்கு வருடமாகக் கடிதப் போக்குவரத்து நடந்ததால், இப்போது பிளாஸ்டிக்கில் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது.

செடிக்குள் எத்தனை ஹார்மோன் உண்டோ, நிறுவனத்தில் அத்தனை பிரிவு. ஜிப்ரெல்லின் செடியை உயரமாக்கும்; ஆகவே வளர்ச்சிப் பிரிவு, முதல் மாடி, ஏ.சி. சாலிசிலிக் அமிலம், பூஞ்சைக் கிருமி இலைமேல் வந்து உட்கார்ந்ததும் செடி முழுவதையும் உஷார்படுத்தும். ஆகவே எதிர்ப்புப் பிரிவு, தரைத்தளம், மின்விசிறி. எத்திலீன் காயைப் பழுக்கவும் இலையை உதிரவும் வைக்கும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருப்பவர்களை அங்கே மாற்றிவிடுவார்கள்.

வளர்ச்சி கூடினால் எதிர்ப்பு தணியும், எதிர்ப்பு கூடினால் வளர்ச்சி தணியும் என்பது செடிக்குள் இருக்கும் ஏற்பாடு. கையில் இருப்பது ஒரு பிடி சக்தி. அதை வைத்து ஒன்று வளரலாம், இல்லை சண்டை போடலாம். நிறுவனத்திலும் அப்படியே. முதல் மாடிக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்தால் தரைத்தளத்தில் இருந்த ஜெராக்ஸ் மெஷின் காணாமல் போகும். ஒரே வித்தியாசம், செடி இந்தப் பஞ்சாயத்தை ஒரு பகலில் முடித்துக்கொள்கிறது.

பொன்னேரி சாலையோரம் ஒன்றரை ஏக்கர் கழனி வைத்திருந்த ஆதிகேசவனுக்கு இதெல்லாம் தெரியாது. ஆவணி மாதத்தில் ஒருநாள் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து, அவருடைய கழனி மாதிரிச் செயல்விளக்கத் திடலாகத் தேர்வாகியிருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஊரில் அவரைவிட நல்ல மண் வைத்திருப்பவர் பத்துப் பேர், நன்றாகப் பயிர் வைப்பவர் இருபது பேர். நம் மண்ணைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் மனைவி தமிழ்செல்வியிடம் சொல்லிப் பூரித்தார்.

"மண்ண யாரு பாத்தாங்க?" என்றாள் தமிழ்செல்வி. "டிரைவருங்கதான் எறங்கி இப்டியும் அப்டியும் நடந்து பாத்துக்கினு போனாங்க."

அவள் சொன்னதுதான் சரி. தேர்வுக் குறிப்பில் இருந்த ஒரே தகுதி, ஓரத்தில் ஏழு கார்கள் திரும்பும் வசதி.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம். ஆதிகேசவன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் பக்கத்தில், அறுவடை முடியும்வரை நிறுவனத்தைத் தவிர வேறு யாரும், நிலத்தின் உரிமையாளர் உட்பட, அந்தப் பயிரின்மேல் எதையும் தெளிக்கக்கூடாது என்று இருந்தது. மழைக்கு மட்டும் விலக்கு.

கழனியை நடுவில் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். கிழக்கே முக்கால் ஏக்கர் வளர்ச்சிப் பிரிவுக்கு, நீலப் பலகை. மேற்கே முக்கால் ஏக்கர் எதிர்ப்புப் பிரிவுக்கு, சிவப்புப் பலகை. தொடக்க விழாவில் ஆதிகேசவனுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து, பொன்னாடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அது ஸ்டாக்கில் இருப்பது.

வளர்ச்சிப் பிரிவின் தலைவர் டாக்டர் எழிலரசன் கிழக்கே ஜிப்ரெல்லின் தெளிக்க வைத்தார். அவர் ஆளே நல்ல உயரம். மூட்டை மூட்டையாக யூரியாவும் சேர்த்துப் போடச் சொன்னார். எதிர்ப்புப் பிரிவின் தலைவர் டாக்டர் தேவதர்ஷினி தானே மருந்துக் கலனை முதுகில் மாட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி, மேற்கே சாலிசிலிக் அமிலத்தை மிகக் கொஞ்சமாகக் கரைத்துத் தெளித்தார். இது தலைவலி மாத்திரைக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்று அவர் ஆதிகேசவனுக்குப் புரியவைத்தார். பூஞ்சை வருவதற்கு முன்பே செடிக்கு ஒரு பொய்த் தகவல் கொடுத்து எழுப்பி வைக்கிறோம். உண்மையில் வரும்போது அது தூங்கிக்கொண்டிருக்காது.

இதை ஆதிகேசவன் வீட்டில் வந்து சொன்னபோது, நெல்லுக்கு எப்போது தலைவலி வந்தது என்று தமிழ்செல்வி கேட்டாள். இவர்கள் வந்த பிறகு வந்திருக்கும் என்றும் அவளே சொல்லிக்கொண்டாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். அளவெடுக்க ஒரு கோல்தான் கொண்டுவருவார்கள். வாங்கக் கேட்டிருந்த பதினெட்டுக் கருவிகளில் கொள்முதல் குழு ஆட்சேபணை இல்லாமல் அனுமதித்தது அந்தக் கோல் ஒன்றைத்தான். பதிவேட்டில் பயிரின் உயரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. மற்றபடி, அளந்தவர் பெயர், வந்த வாகனம், பகல் சாப்பாடு.

கிழக்குப் பயிர் வாராவாரம் மளமளவென்று ஏறியது. மேற்குப் பயிர் சாதாரண நெற்பயிர் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. 'மாற்றம்: இல்லை' என்று வாராவாரம் எழுதினார்கள். கார்த்திகை பிறந்தபோது இயக்குநர் டாக்டர் சபரிநாதன் நேரில் வந்து மேற்கு வரப்பில் நின்று, தேவதர்ஷினியைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணும் நடக்கல சார். அதுதான் ரிசல்ட். பூஞ்சை வந்தாலும் ஒண்ணும் நடக்காது."

"நடக்காததை எந்தப் பக்கம் நின்னு போட்டோ எடுக்கறது?" என்றார் இயக்குநர். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

மழை விட்டு, காலையில் பனியும் பகலில் மூட்டமுமாக இருந்த ஒரு வாரத்தில் பூஞ்சை வந்தது. கிழக்கே, உயரமான இலைகளில், கண் வடிவத்தில் புள்ளிகள். ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல். குலை நோய். ஆதிகேசவன் அதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர். இப்போது இலையில் இருக்கும்; கதிர் வரும் சமயத்தில் கழுத்தைப் பிடிக்கும்; பிடித்தால் கதிருக்குள் பால் ஏறாது, பதர்தான். பொன்னேரி மருந்துக் கடையில் அதற்கு மருந்து உண்டு. ஒன்பதாம் பக்கத்தில் அதற்குத் தடை உண்டு.

வெள்ளிக்கிழமை வந்த எழிலரசனிடம் இலையைப் பறித்துக் காட்டினார். எழிலரசன் அதை வாங்கிப் பார்க்காமல் கோலை வாங்கிப் பார்த்தார். இது புள்ளியே இல்லை என்றார். வேகமாக வளரும் பயிருக்கு வரும் தழும்பு; ஓடியாடுகிற குழந்தைக்கு முட்டியில் சிராய்ப்பு வருவதில்லையா? மேலும் பதிவேட்டில் புள்ளி என்று ஒரு கட்டம் இல்லை.

கிழக்கு முக்கால் ஏக்கரை ஆதிகேசவன் அன்றைக்கே மனதுக்குள் தலைமுழுகிவிட்டார். மேற்கே போய் இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார். அங்கேயும் பூஞ்சை வந்திருந்தது. ஆனால் குண்டூசி முனை அளவில் ஒரு பழுப்புக் குத்து, அதோடு சரி. வந்தவனை வாசலிலேயே நிறுத்தி விலாசம் கேட்டுத் திருப்பி அனுப்பியது போல இருந்தது. வருடச் சாப்பாட்டுக்கு அரிசியும், அடுத்த போகத்துக்கு விதையும், விற்க நாலு மூட்டையும் இந்த முக்கால் ஏக்கரில் வந்துவிடும். அது போதும். போதும் என்று நினைத்து ஒரு வாரம் ஆகவில்லை, கடிதம் வந்தது.

மார்கழி நடுவில் நிறைவு விழா நடக்கவிருப்பதாலும், தலைநகரிலிருந்து சிறப்பு விருந்தினர் வருவதாலும், புகைப்படத்தில் பயிர் ஏற்றத்தாழ்வாகத் தெரிவது நிறுவனத்தின் ஒற்றுமைக்கு உகந்ததல்ல என்பதாலும், வரும் திங்கட்கிழமை மேற்குப் பகுதிக்கும் இரு மடங்கு ஜிப்ரெல்லின் தெளித்து உயரத்தைச் சமன் செய்ய இயக்குநர் ஆணையிட்டிருக்கிறார் என்று அதில் இருந்தது.

தமிழ்செல்வி கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "கெய்க்க கீறது செத்துச்சி. மேக்க கீறது சாவலியேன்னு கேட்டு எய்திக்கிறாங்க. நீ போய்ச் சொல்லிட்டு வா, நைனா." கோபம் தலைக்கேறும்போது அவள் கணவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்று வியாழக்கிழமை. ஆதிகேசவன் இரண்டு இலைகளை, கிழக்கில் ஒன்று மேற்கில் ஒன்று, பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ரயிலேறினார். நிறுவனத்தின் வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது. வந்தவர் யார் என்பதற்கு, விஞ்ஞானி, பயிற்சி மாணவர், சப்ளையர் என்று மூன்று கட்டங்கள். விவசாயி என்று கட்டம் இல்லை. பதினோரு வருடத்தில் தேவைப்படவில்லை. காவலாளி யோசித்துவிட்டு அவரைச் சப்ளையர் என்று எழுதி, சரக்கு என்ற இடத்தில் 'இலை, 2' என்று குறித்துக்கொண்டார்.

முதல் மாடியில் எழிலரசன் அன்பாகவே பேசினார். தெளிப்பதை நிறுத்தும் அதிகாரம் தனக்கில்லை; தன் பிரிவின் வேலை வளர்ப்பது; நிறுத்துவது என்பது எதிர்ப்பு; ஆகவே தரைத்தளம். தரைத்தளத்தில் தேவதர்ஷினி இரண்டு இலைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை தெளித்தால், எழுந்து நிற்கும் செடியைத் தாலாட்டுப் பாடித் தூங்கவைப்பது போல ஆகிவிடும். கதிர் வருவதற்குள் கழுத்தில் பிடித்துவிடும் என்றார். அப்படியானால் நிறுத்துங்கள் என்றார் ஆதிகேசவன். எதிர்ப்புப் பிரிவு ஆட்சேபணை தெரிவிக்கலாம், ஆனால் வளர்ச்சிப் பிரிவின் ஒப்புதலோடுதான் தெரிவிக்க முடியும் என்று தேவதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு ஆட்சேபணை எழுதியிருக்கிறார். எல்லாம் ஒப்புதலுக்காக முதல் மாடியில் இருக்கின்றன.

மூன்றாவது மாடியில் இயக்குநர், பிளாஸ்டிக் மணிபிளான்ட்டின் இலையை டிஷ்யூ பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆதிகேசவனை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். கையில் இலையைக் கொடுத்ததும் முகம் மாறியது.

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. பூஞ்சை வரக்கூடாதுன்னுதான் இந்த நிறுவனமே. வந்துடுச்சுன்னு நாமே எழுதினா, அப்புறம் நிறுவனம் எதுக்குன்னு மேல கேப்பாங்க. சரி, வரலன்னு எழுதலாம். வரவே இல்லியே, நிறுவனம் எதுக்குன்னு அப்பவும் கேப்பாங்க. அதனாலதான் உயரத்தை மட்டும் எழுதறோம். உயரத்தைப் பார்த்து இதுவரைக்கும் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல."

ஆதிகேசவன் கேட்டார்: "சார், நெல்லு உயரமா இருந்து இன்னா பிரயோஜனம்? துன்றது கதிரத்தான?"

"கதிர் வேற துறை," என்றார் இயக்குநர்.

கீழே இறங்கி வெளியே போகிற வழியில், கோப்புகளுக்கு எண் போடும் பிரிவில் சுப்பிரமணி என்ற எழுத்தர் அவரை நிறுத்தினார். கொண்டுவந்த சரக்கைத் திரும்ப எடுத்துப் போவதென்றால் வெளிச்செல்லும் சீட்டு வேண்டும். சீட்டு எழுதும்போது சுப்பிரமணி விஷயத்தை விசாரித்தார். அவர் பரபரப்பில்லாத மனிதர். இந்தக் கட்டடத்தில் எதையும் நிறுத்த முடியாது. ஆனால் பட்டியலிலிருந்து நீக்க முடியும் என்றார். தெளிப்புப் பட்டியலில் வெற்றிபெற்ற பயிரும் இருக்கும், வெற்றிபெற்றுக்கொண்டிருக்கும் பயிரும் இருக்கும். தோல்வியடைந்த பயிர் இருக்காது. தோல்விக்கு மருந்து வீணாக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு.

"அப்ப தோத்துப் போச்சின்னு எய்திக் குடுங்க சார்."

சுப்பிரமணி பேனாவைக் கீழே வைத்தார். நிறுவனம் தொடங்கியதிலிருந்து இங்கே எதுவும் தோற்றதில்லை. அதற்குப் படிவம் கிடையாது. ஆதிகேசவன் நின்ற இடத்திலேயே நின்றார். சற்று நேரம் கழித்து சுப்பிரமணி, சிறந்த விவசாயி விருதுக்கான படிவம் ஒன்றை எடுத்து, 'சிறந்த' என்பதை அடித்து, 'வெற்றி' என்று வந்த இடத்திலெல்லாம் 'தோல்வி' என்று பச்சை மையில் திருத்தினார். ஏழு இடம். பச்சை மைக்கு அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால் ஒவ்வொரு திருத்தத்திலும் கையெழுத்தைக் கொஞ்சம் புரியாதமாதிரி போட்டார்.

சனிக்கிழமை காலை தோல்வி ஆய்வுக் குழு இரண்டு கார்களில் வந்தது. எழிலரசன், தேவதர்ஷினி, சுப்பிரமணி, கோல் பிடிக்கும் இருவர். மேற்குப் பயிர் அன்றைக்கென்று பார்த்துப் பச்சைப் பசேலென்று, தூர் கட்டி, இடைவெளி இல்லாமல் நின்றது. தோல்வி என்று சொல்ல வாய் கூசும். ஆதிகேசவன் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் தானாக மலர்ந்தது. தமிழ்செல்வி பக்கத்தில் வந்து அவர் இடுப்பில் கிள்ளினாள்.

"மூஞ்ச அப்டி வெச்சிக்கினு நிக்காத. பொண்ணு பாக்க வந்தவன் மாரி பல்லக் காட்டிக்கினு கீற."

அவர் கிழக்கே திரும்பி நின்றுகொண்டார். அங்கே பார்த்தால் துக்கம் இயல்பாக வந்தது.

கோலை நட்டு அளந்தார்கள். கிழக்கைவிட இரண்டு சாண் குறைவு. எழிலரசனுக்கு அதுவே போதுமாக இருந்தது. இதைவிடத் தெளிவான தோல்வியைத் தான் பார்த்ததில்லை என்று மகிழ்ச்சியோடு முதல் கையெழுத்தைப் போட்டார். தோல்விக்குக் காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. மருந்து என்று எழுத முடியாது, அது நிறுவனத்தினுடையது. மண் என்று எழுத முடியாது, அதைத் தேர்ந்தெடுத்ததும் நிறுவனம். சுப்பிரமணி தயங்கித் தயங்கி, விவசாயியின் ஒத்துழைப்பின்மை என்று போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடுங்கள் என்றார் ஆதிகேசவன். வேண்டுமானால் குடும்பத்தினரின் ஒத்துழைப்பின்மை என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தமிழ்செல்வி யோசனை சொன்னாள்.

இரண்டாவது கையெழுத்து, தோற்ற பிரிவின் தலைவருடையது. தேவதர்ஷினி பேனாவோடு கழனிக்குள் இறங்கி ஒரு இலையைப் பறித்தார். அதில் மூன்று பழுப்புக் குத்துகள். மூன்றும் முளைத்த இடத்திலேயே அடங்கியிருந்தன. கண்ணாடித் தட்டில் தவிர வேறெங்கும் அவர் இதைப் பார்த்ததில்லை. ஒன்பது வருடமாக இதைத்தான் நடக்கும் நடக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"நான் இதுல வெற்றின்னு போட்டுக் கையெழுத்துப் போடக்கூடாதாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டது சுப்பிரமணியை அல்ல, ஆதிகேசவனை.

"போடலாம் மேடம். போட்டா திங்கக்கெயம வந்து அடிச்சிடுவாங்க."

தேவதர்ஷினி கழனியிலிருந்து கரையேறினார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, தன் ஆராய்ச்சி முழுத் தோல்வி என்பதன் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டார். பறித்த இலையைப் பைக்குள் வைத்துக்கொள்ளப் போனார். தோல்வியடைந்த திடலின் இலை நிறுவனத்தின் சொத்து, வெளியே எடுத்துப்போக அனுமதி இல்லை என்று சுப்பிரமணி நினைவூட்டினார். தேவதர்ஷினி அவரைப் பார்த்துக்கொண்டே இலையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். சுப்பிரமணி அப்போது ஏழு கார்கள் திரும்பும் இடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. கிழக்கே தெளித்தது. மேற்கே ஓட்டுநர் இறங்கிச் சான்றை வாசித்துவிட்டு, அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மழை. உயர உயரமாக வளர்ந்திருந்த கிழக்குப் பயிர் தள்ளாடிச் சாய்ந்தது. நிறுவனம் பந்தல் கான்ட்ராக்டரை அனுப்பியது. அவர் சவுக்குக் கொம்பு நட்டு, நைலான் கயிறு கட்டி, பயிரை நேராக நிறுத்தினார். விழா மேடையும் பயிரும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் முடிந்தன. கழுத்தில் குலை நோய் பிடித்துக் கருத்த கதிர்கள், உள்ளே ஒன்றும் இல்லாததால், வெளுத்துப்போய், வானத்தைப் பார்த்து விறைப்பாக நின்றன. மேற்கே கதிருக்குள் பால் ஏறி, கனத்து, ஒவ்வொன்றாகக் கவிழத் தொடங்கியது. அந்தத் தோல்வி விருந்தினர் கண்ணில் படாமல் இருக்க, சாலையோரம் நெடுகப் பச்சைத் துணித் திரை கட்டினார்கள்.

விழா நாளில் இயக்குநர் பேசினார்.

"பாருங்கள் இந்தக் கதிர்களை! எங்கள் நிறுவனத்தின் பயிர் யாருக்கும் தலை வணங்காது. வெள்ளை வெளேரென்று, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. எடையற்ற கதிர் என்று சிலர் குறை சொல்லலாம். அறுவடை செய்யும் தொழிலாளிக்குச் சுமை குறைகிறது என்று நான் சொல்வேன். பூஞ்சை பற்றி வதந்திகள் உலவுகின்றன. எங்கள் பதிவேட்டில் பூஞ்சை என்ற சொல்லே இல்லை என்பதை இந்த மேடையில் பெருமையோடு அறிவிக்கிறேன்."

கைதட்டல் அடங்கும்போது காற்று திரையைத் தூக்கியது. பின்னால் மேற்குப் பயிர் பொன்னிறமாக, கதிரெல்லாம் கவிழ்ந்து தெரிந்தது. அங்கே தொங்கிப்போய்க் கிடப்பது என்ன என்று சிறப்பு விருந்தினர் கேட்டார். அது தோல்வியடைந்த பகுதி, நிமிரவே முடியவில்லை பாவம் என்றார் இயக்குநர். விருந்தினர் உச்சுக்கொட்டினார். கிழக்குப் பயிருக்கு வளர்ச்சிச் சிகரம் விருது. ஆதிகேசவன் கேடயத்தை வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றார். படத்தில் அவர் அழுவதுபோல இருக்கிறது. ஆனந்தக் கண்ணீர் என்று விழா மலரில் படத்துக்கு அடியில் போட்டிருக்கிறார்கள்.

தை மாதம் அறுவடை இயந்திரம் வந்தது. கிழக்கே முதலில் இறங்கியது. பின்பக்கம் புகைபோலப் பதர் பறந்ததே தவிர, தொட்டிக்குள் ஒன்றும் விழவில்லை. மிஷின் ரிப்பேரோ என்று ஓட்டுநர் இரண்டு முறை இறங்கிப் பார்த்தார். மேற்கே இறங்கியதும் சத்தம் மாறியது. இருபத்து மூன்று மூட்டை. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த ஊர், மூட்டைகளைப் பார்த்தது, பிறகு வீடு வரை வந்து கேடயத்தைப் பார்த்தது, சுவரில் மாட்டியிருந்த சான்றைப் பார்த்தது.

இதற்கிடையில் நிறுவனம் தன் வெற்றியை விரிவாக்கி, அடுத்த போகத்துக்கு ஊர் முழுவதையும் பெரியபாளையம் வரையிலும் மாதிரித் திடலாக அறிவித்திருந்தது. ஒப்பந்தம் இப்போது இருபத்திரண்டு பக்கம். மறு வாரமே கும்மிடிப்பூண்டி வாசலில் நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் தோல்விச் சான்று வேண்டும். நாற்று விடுவதற்கு முன்பே தோற்றுவிட்டதாக அவர்கள் விண்ணப்பத்தில் எழுதியிருந்ததை இயக்குநர் ஆழ்ந்து படித்தார். விவசாயிகளிடையே தோல்வி குறித்து இவ்வளவு ஆர்வத்தை வேறெந்த நிறுவனமும் உருவாக்கியதில்லை என்று மேலே எழுதினார். மூன்றே வாரத்தில் தோல்விப் பிரிவு திறக்கப்பட்டது. இரண்டாவது மாடி, ஏ.சி. தலைவராக எழிலரசன். பிரிவு திறந்ததும் சான்று கொடுப்பது நின்றுபோனது. படிவத்தின் வடிவமைப்பு ஆராய்ச்சியில் இருந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாள அட்டை மாட்டாமல், சுப்பிரமணி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஆதிகேசவன் நாற்காலி எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, தன் மாமியாருக்குப் பெரியபாளையத்தில் அரை ஏக்கர் இருக்கிறது, அதிலும் நீலப் பலகை நட்டுவிட்டார்கள் என்றார். அந்தத் தோல்வியில் ஒரு மூட்டை விதைநெல் கிடைக்குமா?

"எடுத்துக்கினு போங்க சார், அதுக்கின்னா. ஆனா விசயம் வெதையில இல்ல. கெய்க்க பதராப் போனதும் இதே வெதைதான். மேடம் அடிச்சது ரெண்டு தபா, ரொம்பக் கம்மியா. அப்பால நான் யூரியாவ கொறச்சிக்கினேன். அதுக்கப்புறம் யாரும் அதும்மேல கை வெக்கல. சும்மா வுட்டுட்டோம்."

சுப்பிரமணி சட்டைப்பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து முதல் இரண்டையும் எழுதிக்கொண்டார். மூன்றாவதில் பேனா நின்றது.

"சும்மா விட்டதுன்னா, எந்த உத்தரவுல?"

"நீங்க குட்த்த சான்றுதான் சார்."

சுப்பிரமணி தலையாட்டினார். செருப்பின் நுனியைப் பார்த்தார். ஆபீசில் கேட்டுப் பார்த்தேன், ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள் என்று முணுமுணுத்தார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, அந்தச் சான்றைக் கொஞ்சம் கொடுத்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றிக்கொண்டு திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார்.

அதற்குள் தமிழ்செல்வி உள்ளேயிருந்து கோடு போட்ட நோட்டோடு வந்துவிட்டாள்.

"ஒரிஜினல் ஊட்ல இல்ல சார். திருப்பாச்சூரு வரைக்கும் போய்க்கீது. உங்களுக்கு முன்னால ஆறு பேரு கீறாங்க. அல்லாரும் இப்டித்தான் அவசரம்ன்றாங்க, நான் இன்னா பண்ணட்டும்? ஏழாவதா எய்திக்கட்டா?"

சுப்பிரமணி நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டார்.

"எழுதிக்கோங்கம்மா," என்றார். "கொஞ்சம் பாத்து, சீக்கிரம் பண்ணுங்க."